காதுக்கு எட்டாத அறிவுரை

என் இடக்கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலம் ஒன்று படர்ந்திருப்பதைக் கண்ட புதுக்கோட்டை மருத்துவர், புகையிலையை உடனே நிறுத்திவிட்டு இரண்டு மாதம் கழித்து வருமாறு கூறினார். படலம் குறையாவிட்டால் சதையைச் சிறிது வெட்டிச் சோதிக்க வேண்டுமாம்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மகன் இதைக் கேட்டு, கைப்பேசிக்கு ஓர் இசையை அனுப்பினான். மழைச் சத்தமும் குழலோசையுமாக அரை மணி நேரம் ஓடும். அதனடியில், காதுக்கு எட்டாத அளவில், புகையிலை வேண்டாம் என்னும் சொற்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றனவாம்.

"காதுக்குக் கேக்காதுப்பா, உள்மனசு கேட்டுக்கும். மனசு லேசா இருக்கறப்ப மட்டும் போட்டுக் கேளுங்க."

என் மனைவி முப்பதாண்டுகளாக உரக்கவே கூறியும் அசையாத மனம், முணுமுணுப்புக்கு அசையுமா என்ற ஐயம் எனக்கிருந்தது. ஆயினும் பிள்ளை விதித்த நிபந்தனையைப் பிசகாமல் பின்பற்றினேன். பிழை அங்கேதான் நேர்ந்தது. விடிந்தது முதல் கடலைக்கொல்லை, மோட்டார், ரேஷன் கடை என்று அலையும் எனக்கு மனம் லேசாவது ஒரே பொழுதில்தான்: மதிய உணவுக்குப் பின் வெற்றிலையோடு புகையிலையை அதக்கிக்கொண்டு கட்டிலில் சாயும் பொழுது. அப்போதுதான் இசையைப் போட்டேன்.

நான்காம் நாள் மனைவி கண்டுகொண்டாள்.

"ஏங்க, போயிலைய விடுறதுக்குப் பாட்டா, பாட்டுக் கேக்குறதுக்குப் போயிலையா?"

"மனசு லேசா இருக்கணும்னு சொல்லிருக்கான்ல."

"அது சரி. அவன் சொன்னதுல ஒங்களுக்கு வேண்டியது மட்டும் நல்லாக் கேட்டுருச்சு."

அதற்குமேல் பேச முடியாதபடி வாயில் சாறு நிறைந்திருந்தது. எழுந்து வெளியே சென்றேன்.

ஒரு மாதத்தில், குழலோசை தொடங்கியதுமே நாவில் நீர் ஊறலாயிற்று. காலையில் கேட்டுப் பார்த்தேன். காலையிலும் கை பொட்டலத்தைத் தேடியது. அடியிலிருந்த சொற்கள் எதைச் சாதித்தனவோ, அறியேன். மேலிருந்த குழல் மட்டும் புகையிலையை நினைவூட்டப் பழகிவிட்டது.

தவணை முடிந்தபோது படலம் குறைந்திருக்கவில்லை. மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, சதையை வெட்டினார். முடிவு வரப் பத்து நாளாகுமாம். தையல் போட்ட கன்னத்தில் எதையும் அதக்க இயலாமல், நான்கு நாளாக வாய் வெறுமையாகக் கிடக்கிறது.

நேற்று மகன் அழைத்தான்.

"நாலு நாளாத் தொடலயாமே, அம்மா சொன்னுச்சு! வேலை செஞ்சிருச்சு பாத்தீங்களா?"

வெட்டியதை அவள் சொல்லவில்லை என்பது புரிந்தது. அவன் குரலில் அத்தனை மகிழ்ச்சி.

"செஞ்சிருச்சுப்பா" என்றேன்.

"விட்டுறாம கேளுங்க."

"கேக்குறேன்."

தையல் இழுத்தது. கைப்பேசியை மனைவியிடம் நீட்டினேன்.