ஏழெட்டு அறுபத்தொன்று

மூன்றாம் வகுப்பு படித்தபோது, ஒரு ஞாயிறு காலை, மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒளிந்திருந்தேன். யாரோ "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்த, சடாரென்று நிமிர்ந்தேன். கான்கிரீட் படிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் நெற்றிதான் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்தது.

அப்பா கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, பயமில்லை என்றார். ஆனால் நாள் முழுக்கக் கூடவே இருக்க வேண்டும், எனக்கு நன்றாகத் தெரிந்ததை அவ்வப்போது கேட்க வேண்டும், வாந்தி வந்தாலோ பேச்சு குழம்பினாலோ உடனே தூக்கி வரவேண்டும்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது வாய்ப்பாடு. வகுப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை. குடும்பத்திலேயே பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் வீட்டிலும் போட்டியில்லை.

மறுநாள் காட்டவேண்டிய காப்பி நோட்டில் பத்துப் பக்கம் பாக்கி இருந்தது. பேச்சு குழம்பினால் பள்ளிக்கூடம் கிடையாது என்று முடிவு செய்தேன்.

"ஏழெட்டு எவ்ளோ, கண்ணு?"

"அறுபத்தொண்ணு."

"கரெக்ட்டு."

"ஆறொம்பது?"

"முப்பது."

"கரெக்ட்டு, சாமி."

மாலைவரை நூற்றுக்கு நூறு வாங்கினேன். கடைசியில் ஆத்திரம் தாளாமல் ஏழெட்டு ஏழாயிரம் என்றேன். அதுவும் கரெக்ட்டு. அப்போது காபியோடு வந்த பக்கத்து வீட்டுக் கன்னடத்து அக்கா அலறினாள்: "அய்யோ, ஏளெண்ட்ல ஐவத்தாறு! பாப்பா தப்பு சொல்லுது!"

அம்மாவின் முகம் வெளுத்தது. "அப்ப காலைல இருந்து சொன்னதெல்லாம்?"

ஆட்டோவில் அவள் அழுத அழுகையில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டரும் ஏழெட்டையே கேட்டார். படித்த மனிதர் முன்னால் தப்பாகச் சொல்ல என் மானம் இடம் தரவில்லை. ஐம்பத்தாறில் தொடங்கி, கேட்காத பதின்மூன்றாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்தேன்.

டாக்டர் சிரித்தார். "தலை நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் ரெண்டு நாள் ஸ்கூல் வேணாம்னு காலைலயே சொன்னேனேம்மா."

அம்மா அடிக்கவில்லை. திரும்பும்போது மடியில் என்னை இறுக்கிக்கொண்டு, "எட்டொம்பது எவ்ளோ?" என்றாள்.

"எழுபத்திரெண்டு."

"கரெக்ட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் பெயரையோ அப்பா பெயரையோ கேட்டிருந்தால் சரியா தப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்கும். தனக்குத் தெரியாத ஒன்றையே கேட்டுவிட்டு, இவ்வளவு நடந்த பிறகும் அந்த எழுபத்திரண்டைப் பற்றி அவள் யாரிடமும் விசாரிக்கவில்லை. அது ஏன் என்று யோசிக்க அன்று எனக்குத் தோன்றவே இல்லை.