சார்ஜர் ஒயருக்கு ஓர் எக்ஸ்ரே

எங்கள் அண்ணியைப் பெயர் சொல்லிக் கேட்டால் அந்த ஸ்கேன் சென்டரில் யாருக்கும் தெரியாது. "மூச்சுப்பிடி அக்கா" என்றால் வாட்ச்மேன்கூடக் கையை நீட்டி வழி காட்டுவார். இருபத்தாறு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறவர். "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க" என்று தினம் நாற்பது பேரிடம் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே பல்லவிதான். ஊசியில் நூல் கோக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். என் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் நின்று "மூச்சைப் பிடி" என்றார். அந்தப் படத்தில் நான் இன்றுவரை கன்னம் உப்பி நிற்கிறேன்.

கண்ணால் பார்க்காத எதையும் அண்ணி நம்பமாட்டார். முதுகு வலிக்கிறது என்றால் "படம் எடுத்தியா?" என்பதுதான் முதல் கேள்வி. ஜோசியமும் பேயும் அவருக்கு ஒரே ரகம், இரண்டும் பிழைப்பில்லாதவன் பேச்சு. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பிறகு நான் ஏதோ கதை கட்டி அவர் தலையில் ஏற்றினேன் என்று யாரும் வரக்கூடாது.

வீடு அந்த சென்டருக்கு மேலேயே, மூன்றாவது மாடியில். மூன்று மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் அண்ணன் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டான். குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார்க் கடிதம் அடித்துக்கொண்டிருந்தான். "மூன்றாவது முறையாக எழுதுகிறேன். தண்ணீர் மோட்டாரை விடிவதற்கு முன்பே ஓடவிடுவதால் எங்களுக்குத் தூக்". அவ்வளவுதான். அந்த எழுத்துக்குப் பக்கத்தில் சின்னக் கோடு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அண்ணி அந்த லேப்டாப்பை அன்றிலிருந்து அணைக்கவே இல்லை.

ஒரு மனுஷனின் கடைசிப் பேச்சு தண்ணீர் மோட்டாரைப் பற்றியா இருக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். "பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டு அணைச்சிடுங்க அண்ணி" என்றேன்.

"காப்பி எடுத்தாச்சு. எழுத்தெல்லாம் வந்துடுச்சு. இது வரலை." துடிக்கிற கோட்டைக் காட்டினார். "உங்கண்ணன் கையை எடுத்த இடத்துல இது இன்னும் காத்துட்டிருக்கு. நான் எப்படி அணைப்பேன், சொல்லு?"

படம் பார்க்காமல் எதையும் நம்பாதவர் சொன்ன பேச்சு இது. 

வினை ஒயரில் வந்தது. அந்த லேப்டாப்பின் பேட்டரி சோப்ளாங்கி, சார்ஜரைப் பிடுங்கினால் இருபத்திரண்டு நிமிடம்தான் தாங்கும். சார்ஜரின் ஒயரோ லேப்டாப்பில் சொருகும் பின்னுக்குப் பக்கத்தில் பிய்ந்து, உள்ளே செம்பு நூல் பல்லைக் காட்டியது. அண்ணி டேப் சுற்றினார். அப்படியும் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. புது சார்ஜர் வரவழைத்தால் இரண்டு தடவையும் பின் பொருந்தவில்லை. மூன்றாவது வர இன்னும் பத்து நாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அண்ணி ஒயரை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் ராத்திரியிலிருந்தே அப்படித்தானாம்.

"பிய்ஞ்ச இடம் வேற, உடைஞ்ச இடம் வேற. வீக்கம் ஒரு பக்கம் இருக்கும், முறிவு இன்னொரு பக்கம் இருக்கும். தினம் பாக்கறேனே. கீழ போய் ஒரு படம் எடுத்துட்டா தெரிஞ்சிடும்."

"ஒயருக்கா?"

"செம்பு நல்லா விழும்."

ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு விடுமுறை, சாவி அண்ணியிடம். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னைச் சூடேறப் போட்டார். ஆஸ்பத்திரி பிளேடு, டேப், சூடு பட்டால் சுருங்கிக்கொள்ளும் ரப்பர் உறை எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். பகல் பதினொன்றுக்குச் சார்ஜரைப் பிடுங்கினார். இரண்டு பேரும் மாடிப்படியில் ஓடினோம். லேப்டாப்பைத் தனியாக விட்டுவிட்டு வந்தது எனக்கே என்னவோபோல் இருந்தது.

எக்ஸ்ரே அறை ஆளில்லாமல் சில்லென்று கிடந்தது. மேஜைமேல் படம் பதியும் பிளேட்டை வைத்து, ஒயரை அதன்மேல் நீளமாகப் படுக்கவைத்து, இரண்டு முனையிலும் டேப் ஒட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்று, பழக்க தோஷத்தில், "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்றார். ஒயரிடம்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

படம் திரையில் மெல்ல ஏறியதும் சிரிப்பு நின்றது.

டேப் சுற்றிய இடத்தில் ஒயர் நன்றாகவே இருந்தது. ஒரு சாண் தள்ளி, தேய்ந்த துடைப்பம்போல் செம்பு நூல்கள் அறுந்து நின்றன. அந்த இடத்தை ஒரு கை பிடித்திருந்தது. நான்கு விரல் எலும்பு, ஒரு கட்டைவிரல், இறுக்கிப் பிடித்த பிடி. சுண்டுவிரலின் நுனிக் கணு வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது.

 ஏழு வயதில் குளியலறைக் கதவைச் சாத்தி அந்த விரலை நசுக்கியவள் நான்தான். அண்ணன் கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"அண்ணி, பிளேட்ல வேற யார் கையோ..."

"சரியா அழிக்கலைன்னா பழைய படத்தோட நிழல் தங்கும்." அண்ணியின் குரல் எழுதிவைத்ததைப் படிப்பதுபோல் இருந்தது. "வைக்கறதுக்கு முன்னாடி அழிச்சேன். நேத்து கடைசியா எடுத்தது ஒரு குழந்தையோட கால்."

பிறகு திரையிலேயே அளந்தார். "பின்லேர்ந்து பதினெட்டு சென்டிமீட்டர்." அளந்த விரலை அங்கிருந்து எடுக்கவில்லை. கோணல் சுண்டுவிரல்மேல் அப்படியே வைத்திருந்தார்.

"எட்டு நிமிஷம் ஆச்சு அண்ணி!"

மேலே ஓடினோம். லேப்டாப் உயிரோடு இருந்தது. பதினெட்டு சென்டிமீட்டரில் வெட்டி, கெட்ட துண்டை எறிந்து, இரண்டு பக்கமும் தோலைச் சீவினார். உள் கம்பியோடு உள் கம்பியை முறுக்கி ஈயம் வைத்து, டேப் சுற்றி, வெளிக் கம்பிக்கும் ஈயம் வைத்த பிறகுதான் பார்த்தோம், ரப்பர் உறை மேஜைமேலேயே கிடந்தது. அதை முதலிலேயே ஒயரில் கோத்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடத்தில் இடது வலது மாற்றிப் படம் எடுக்காதவர் அன்று உறையை மறந்தார். மறுபடி உருக்கி, பிரித்து, கோத்து, ஒட்டினார். திரையில் ஐந்து சதவீதம் என்று எச்சரிக்கை வந்தது. 

இரண்டு சதவீதத்தில் சொருகினார். விளக்கு எரிந்தது. கண் சிமிட்டாமல் நின்று எரிந்தது. நான் அண்ணியைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

சாயங்காலம் பேட்டரி நிறைந்ததும் அண்ணி மறுபடி சார்ஜரைக் கழற்றினார். "எலும்பு ஒட்டினா இன்னொரு படம் பாக்கணும். அதான் முறை."

முறையாவது ஒன்றாவது. அவர் எதைப் பார்க்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். பயத்தோடுதான் கூடப் போனேன்.

படத்தில் ஒட்டு அழகாக விழுந்திருந்தது. ஈயம் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. சுற்றிலும் வெறும் கறுப்பு. கை இல்லை. அண்ணி இன்னொன்று எடுத்தார். இன்னொன்று. நான்கு எடுத்தார். பிறகு நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"விட்டுட்டார். நான் ஒட்ட வச்சேன், அவர் பிடியை விட்டுட்டார்."

அண்ணன் போன நாளில்கூட அழாதவர் அன்று வாய்விட்டு அழுதார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் ஒயரை உடைக்கவில்லை. அறுந்ததை இத்தனை நாள் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பத்தாம் நாள் புது சார்ஜர் வந்துவிட்டது, பெட்டிமேல் போட்டிருக்கும் எண் சரியாக இருக்கிறது என்று அண்ணி போனில் சொன்னார். பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். பெட்டி பிரிக்காமல் பிரிட்ஜ்மேல் இருந்தது. அண்ணி மேஜையில் உட்கார்ந்திருந்தார். ரப்பர் உறை கீறப்பட்டுத் தரையில் கிடந்தது. அவர் ஒயரை இரண்டு கையிலும் பிடித்து, ஒட்டுப் போட்ட அதே இடத்தில், இந்தப் பக்கம் ஒரு தரம் அந்தப் பக்கம் ஒரு தரம் என்று நிதானமாக வளைத்துக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்தது, எரிந்தது, அணைந்தது.

"அண்ணி! என்ன பண்றீங்க? எல்லாம் போயிடும் அண்ணி!"

அவர் தலை நிமிரவில்லை.

"பிடிங்க," என்றார் ஒயரைப் பார்த்து, "கொஞ்சம் பிடிங்க."