கப்பலில் வந்த பதினெட்டாம் பெருக்கு

நாகப்பட்டினத்தில் கரையோரம் கப்பல் வந்து நிற்காது; ஆழம் போதாதாம். படகில் போய்த்தான் ஏற வேண்டும். படகு கிட்டே போகப் போகக் கப்பல் வளர்ந்துகொண்டே போனது. எங்கள் சித்திரை வீதியில் ஒரு பக்கத்து வீடுகளையெல்லாம் மாடியோடு பெயர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கடலில் நிறுத்தியது போல இருந்தது. அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்த என்னை, "வாயை மூடுடி, உப்புக் காத்து" என்று அம்மா அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. படகின் அடிப்பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுபதுகளின் கடைசி அது. முந்தின வருஷம் ஆனியில் அப்பா போய்விட்டார். அவருடைய வருஷாப்திகத் திவசம் முடிந்த கையோடு, பினாங்கில் வேலையிலிருந்த அண்ணா எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டான். ஸ்ரீரங்கத்தை விட்டுக் கடல் தாண்டிப் போவதா என்று உறவில் நாலு பேர் முகத்தைச் சுளித்தார்கள். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அம்மா கொள்ளிடக் கரையில் பிறந்தவள். நீச்சலில் ஆண்பிள்ளைகளை மிஞ்சுவாள் என்று மாமாக்களே சொல்வார்கள். கல்யாணமான பிறகும் அவளுடைய காலை காவேரியில்தான் தொடங்கும். அம்மா மண்டபம் என்கிற படித்துறையில் கூட்டம் சேருவதற்கு முன்னால் இறங்கி, நடுவில் இருக்கும் மணல்திட்டு வரைக்கும் நீந்திவிட்டு வருவாள். அப்பா கடைசிப் படியில் அவளுடைய உலர்ந்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ஊரார் பார்த்துச் சிரித்ததைப் பற்றி இரண்டு பேருமே கவலைப்படவில்லை.

அப்பா போனதும் அம்மா ஆற்றுப் பக்கம் போவதை நிறுத்தினாள். கிணற்றடியோடு சரி. அந்த வருஷம் பதினெட்டாம் பெருக்கன்று, தெருப் பெண்களெல்லாம் தாம்பாளமும் கையுமாகச் சிரித்துக்கொண்டு காவேரிக்குப் போனபோது, வாசல் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பேச்சு சுருங்கியது, சாப்பாடு சுருங்கியது, ஆளே சுருங்கினாள். எது கேட்டாலும் "ம்". அப்பாவை அடுத்து இவளும் போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கல்லூரிப் படிப்பு முடித்து, இங்கிலீஷில் நாவல் படிக்கிறேன் என்று பீற்றிக்கொண்டிருந்த எனக்கு, அம்மாவை ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட வைக்கத் தெரியவில்லை.

எங்கள் டிக்கெட் கப்பலின் அடித்தட்டில். கல்யாண மண்டபம் போன்ற பெரிய கூடம், வரிசை வரிசையாக இரண்டடுக்குக் கட்டில்கள், எங்கே பார்த்தாலும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். அம்மா கீழ்க்கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். கையில் கொண்டுவந்த அவலைத் தண்ணீரில் நனைத்து ஒரு பிடி தின்பாள். அவ்வளவுதான் ஆகாரம். கண்டவர்கள் சமைத்ததை அவள் தொட மாட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் காட்டூரிலிருந்து ஒரு அக்கா, இரண்டு பிள்ளைகளோடு. அவளுடைய வீட்டுக்காரர் ஈப்போவில் மளிகைக் கடை வைத்திருந்தார். "அம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்கலைங்களா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாதது கப்பல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்துவிடும் போலிருந்ததால் எழுந்து போய்விட்டேன்.

அப்படித்தான் நான் கப்பலைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன். வேடிக்கை பார்க்கிற ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் வாயைத் திறக்க வைக்கிற மாதிரி ஏதாவது அகப்படாதா என்றுதான் முக்கியமாக அலைந்தேன். அதிர்ச்சி என்னவோ முழுக்க எனக்கே வாய்த்தது.

குளியலறையில் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்றது. மணி அடித்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி பந்தியாக ஜனம் உட்கார்ந்தது. சைவத்துக்குத் தனி மேஜை என்று எழுதிப் போட்டிருந்ததை நம்பிப் போய் உட்கார்ந்தேன். அந்த மேஜைக்கும் மீன் குழம்பு மேஜைக்கும் நடுவில் ஒரு பூந்தொட்டிதான் வேலி. பரிமாறுகிறவர் எனக்குச் சாதம் போட்ட கரண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார், அங்கே போட்டார், அதே கரண்டியோடு சிரித்த முகமாக என்னிடம் திரும்பி வந்தார். நான் இலையை, அதாவது தட்டை, அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மாடிப்படி ஏறி மேல்தட்டுக்குப் போனால் அது வேறு உலகமாக இருந்தது. ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பட்டப்பகலில் வரிசையாகச் சாராய பாட்டில்கள். அடுத்த அறையில் ஓர் அம்மாள் வெண்கலத் தவலை மாதிரி ஒன்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ தண்டனை கொடுத்திருக்கிறார்கள் என்று பதறினேன். கூந்தல் உலர்த்துகிற மெஷினாம். பெரிய ஹாலில் மைக் வைத்து நம்பர் நம்பராகக் கூவிக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்டிருந்த ஒரு மாமா, திடீரென்று நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து "ஹவுஸ்!" என்று அலறினார். தம்போலா ஆட்டமாம். அன்று சாயங்காலம் அதே ஹாலில் நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டு, ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடினார்கள். அந்த மாமா ஆடவில்லை. தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பெருமாளே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஒவ்வொன்றையும் கீழே வந்து அம்மாவிடம் ஒப்பித்தேன். கரண்டி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைக் கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டினேன். காட்டூர் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா "ம்" என்றாள்.

மறுநாள்தான் உச்சித் தட்டுக்கு ஏறினேன். அங்கே நான் கண்டதை என் கண்ணே நம்பவில்லை. கடல் நடுவில் ஒரு குளம்! சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், அதன் மேல் கப்பல், கப்பலின் தலையில் மறுபடியும் தண்ணீர். நீல ஓடு பதித்து, இறங்குவதற்குக் கம்பிப் படி வைத்திருந்தார்கள். கரையில் ஒரு பெண் கைக்குட்டை அளவு துணியைச் சுற்றிக்கொண்டு மல்லாக்கப் படுத்திருந்தாள். புருஷன் போட்டோ எடுத்தான். நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் ஒரு தடவை பார்த்தேன்.

இறங்கி வந்து, மூச்சு வாங்க அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா சுவர்ப் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்: "ஆழம் எவ்வளவுடி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆளை முழுங்கற ஆழம்மா."

"ஓடற தண்ணியா, தேங்கின தண்ணியா?"

"தேங்கினதுதான். கடல் தண்ணியை ஏத்தி விடறாளாம்."

"ம்" என்று மறுபடி அடங்கிவிட்டாள். ஆனால் எனக்கு அன்று பகல் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அன்று சாயங்காலம் காட்டூர் அக்கா எங்கள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். "நாளைக்குப் பதினெட்டாம் பெருக்குங்கம்மா. நம்ம பக்கத்துப் பொம்பளைங்க பத்துப் பன்னண்டு பேரு இருக்கோம். ஊர்லயே சத்திரத்துக் கடைவீதியில காதோலை கருகமணி, மஞ்சக் கயிறு எல்லாம் வாங்கியாந்துட்டேன். ஆத்தைத்தான் விட்டுட்டு வந்துட்டோம். எந்தப் பக்கம் பாத்துக் கும்புடறதுன்னே தெரியல. நீங்க ஸ்ரீரங்கத்துக்காரங்க, வந்து சொல்லுங்க."

"நான் வரப்படாதும்மா" என்றாள் அம்மா. சுமங்கலிகள் கூடுகிற இடத்தில் அவள் நிற்கக் கூடாது என்பது எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாத சட்டம்.

"கயிறு கட்டிக்க வேணாம், பூ வச்சுக்க வேணாம். தூர ஒக்காந்து வழி சொல்லலாம்ல?"

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "காவேரி எங்க போய் விழறா? இந்தக் கடல்லதானே. எந்தப் பக்கம் பார்த்தாலும் அவதான். ஆனா கால் நனைய நின்னு குடுக்கணும். மேலேருந்து தூக்கி எறியப்படாது."

ஒரு வருஷத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது.

கால் நனைய எங்கே நிற்பது? கைப்பிடிக் கம்பிக்குக் கீழே கடல் கிணறு போல எங்கேயோ கிடந்தது. காட்டூர் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். "மேல குளம் இருக்குன்னு உங்க பாப்பா சொல்லுச்சே. படி இருந்தா அது துறைதானேங்க."

விடிந்ததும் எல்லாரும் தலைக்குக் குளித்து உச்சித் தட்டுக்கு ஏறினார்கள். ஆள் அரவமே இல்லை. அம்மா தூரத்தில் ஒரு சாய்வு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எது முதலில், எது அப்புறம் என்று சொன்னாள். கம்பிப் படியில் ஒவ்வொருவராக இறங்கிக் காலை நனைத்து, வெற்றிலை, பழம், காப்பரிசி, கருகமணி என்று தண்ணீரில் விட்டார்கள். மஞ்சள்பொடியைத் தூவினார்கள். ஒரு பொட்டலமா, இரண்டு பொட்டலமா! நீல ஓடு பதித்த குளம் கண்ணெதிரே மஞ்சளாகக் கலங்கி, அடி தெரியாமல் போயிற்று. எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை.

வெள்ளைச் சீருடையில் ஓர் அதிகாரி ஓடிவந்தார். இங்கிலீஷில் அவர் கத்தியதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. குளத்துத் தண்ணீரை உடனே வடித்துவிடும்படி கீழே ஆள் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அடியில் எங்கோ களகளவென்று தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது.

காட்டூர் அக்கா படியில் நின்றுகொண்டு, பெருக்கன்று செய்கிறபடி தாலிக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கோத்த புதுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பழைய கயிற்றிலிருந்து தங்கத் தாலியை உருவிக் கையில் எடுத்திருந்தாள். கப்பல் ஒரு குலுக்குக் குலுக்கியது. ஈரக்கை.

"ஐயோ, என் தாலி!"

அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்குள் போய்விட்டால் தாலி நேரே கடலுக்குத்தான். அதிகாரிக்கும் விஷயம் புரிந்து, நிறுத்து நிறுத்து என்று கத்தினார். கீழ்த்தட்டில் குழாயைத் திறந்தவனுக்கு அது எப்படிக் கேட்கும்? எங்களில் யாருக்கும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கத் தெரியாது.

அம்மா மடிசாரை இழுத்துச் செருகியதைத்தான் பார்த்தேன். "அம்மா!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் மஞ்சள் தண்ணீர் அவளை மூடிவிட்டது.

வெளியே வரவில்லை. தண்ணீர் கலங்கியது, அடங்கியது. வெற்றிலைகள் ஓட்டைப் பக்கமாக நகர்ந்தன. அவள் வரவில்லை. வர முடியவில்லையா, வர இஷ்டமில்லையா? இரண்டாவது நினைப்பு வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். போகாதே, என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகாதே என்று அவளைக் கெஞ்சினேன். வாய்விட்டா, மனசுக்குள்ளா என்று தெரியாது.

குளத்தின் அந்தக் கோடியில் தலை எழும்பியது. மூடிய கை மேலே நின்றது.

நீந்திப் படிக்கு வந்து கையை விரித்தாள். உள்ளங்கையில் தாலி. யாருடைய கையில் எது இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அம்மாவுக்கும் அப்போதுதான் உறைத்தது போல, கையைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தாள். காட்டூர் அக்கா விடவில்லை. இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உங்க கையால வந்துச்சும்மா. இனிமே இதுக்கு ஒண்ணும் வராது" என்றாள்.

அம்மா காலால் சுவரை ஓர் உந்து உந்தினாள். நீந்த ஆரம்பித்துவிட்டாள்! அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும், வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில், வெள்ளைச் சீருடை "மேடம், மேடம்" என்று கரையோரம் கூடவே நடக்க, அவள் பாட்டுக்கு நீந்தினாள். தண்ணீர் இறங்க இறங்க அவளும் கூடவே இறங்கினாள். வயிறு தரை தட்டும்வரை விடவில்லை.

நான் கீழே ஓடி உலர்ந்த புடவையை எடுத்துக்கொண்டு வந்து, மேல்படியில் நின்றேன். அம்மா ஏறி வந்தாள். தலைமுடியிலெல்லாம் மஞ்சள். புடவையைப் பிடித்துக்கொண்டிருந்த என் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"பசிக்கறதுடி" என்றாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் சைவ மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தயிர்சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பூந்தொட்டிக்கு அந்தப் பக்கம் மீன் வாடை தூக்கியது, அவள் கவனிக்கவில்லை. தட்டு காலியானதும், "இன்னும் கொஞ்சம் போடச் சொல்லு" என்றாள். பரிமாறுகிறவர் பூந்தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே கரண்டியோடு சிரித்துக்கொண்டே வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.