துரை வாசித்த அறிக்கை

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சிறு நில அதிர்வுக்குப் பின், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் சுவரில் வெடிப்பு விழுந்தது. "நெலம் நகருதுங்க தொரை," என்றாள் அம்மா. "ஆணி அடிச்சு நீயே உடைச்சிட்டுப் பொய் சொல்றியா?" என்று தோட்டத்தை நிர்வகித்த துரை எல்லார் முன்னாலும் கத்தினார்.

வளர்ந்து நான் நில அளவையாளராகி, வானில் சுற்றும் செய்மதிகளைக் கொண்டு நிலத்தின் அசைவை அளக்கும் கருவியை லயத்துக்குப் பின்னால் நட்டேன். ஒரு வருடத்தில் லயம் நின்ற மலைச்சரிவே சில மில்லிமீட்டர் கீழிறங்கியிருந்தது.

முத்திரை குத்திய அறிக்கையைத் அதே துரையிடம், லயத்து ஆட்கள் கூடிநிற்க, வாசலில் வைத்தே நீட்டினேன்.

"குடுத்துட்டுப் போங்க, படிக்கிறேன்."

"இல்லீங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி இங்கயே வாசிங்க."

வாசித்தார். குரல் இறங்கியபோதெல்லாம் "சத்தமா" என்றேன். முடிந்ததும் அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.