ஏரிக்கரைக் கூடத்துக்குக் கதவு போட்டோம்

எங்கள் ஏரிக்கரைக் கூடத்துக்குக் கதவு கிடையாது. உடைந்துபோகவில்லை, திருடுபோகவில்லை. கட்டும்போதே வைக்கவில்லை. தெருப்பக்கம் ஓர் அகல வாசல், ஏரிப்பக்கம் ஓர் அகல வாசல். இரண்டிலும் நிலை பதித்த பள்ளமோ கீல் அடித்த தழும்போ இல்லை. சுவரின் பழைய பூச்சைச் சுரண்டிய அன்று கையால் தடவிப் பார்த்து இதை உறுதி செய்துகொண்டேன்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் மில் தொழிலாளர்கள் இளைப்பாறக் கட்டிய இடம் அது. மில் மூன்று ஷிப்ட் ஓடியது. எந்த நேரத்திலும் ஏதோ ஒரு கூட்டம் வேலை முடிந்து வெளியே வரும். வந்தவர்கள் ஏரிப் படியில் இறங்கி, உடம்பில் ஒட்டிய பஞ்சைக் கழுவிக்கொண்டு, மேலே ஏறிக் கேரம் ஆடினார்கள், தாயம் ஆடினார்கள், சிமெண்டுத் தரையில் படுத்துத் தூங்கினார்கள். இதில் எப்போது பூட்டுவது, எப்போது திறப்பது? ஆகவே கதவே வைக்கவில்லை. சால் என்றுதான் இங்கே எல்லோரும் அதைச் சொல்வோம். பிரெஞ்சில் கூடத்துக்கு அதுதான் சொல்லாம். ஒரு வரி பிரெஞ்சு தெரியாதவர்களும் சால் என்றுதான் சொல்கிறோம்.

மில்லை மூடிய பிறகும் சால் மூடவில்லை, மூடக் கதவு இல்லையே. ஒரு புயலில் கூரை ஓடு பாதி பறந்தது. அதன்பின் ‘அபாயம், உள்ளே வராதீர்’ என்று ஒரு பலகை வந்தது. பலகையைப் படித்துப் பயந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். பயப்படாதவர்கள் பாட்டிலோடு வந்தார்கள்.

இதனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால் என் எதிர்வீட்டு அக்காவைத்தான் முதலில் காட்டுவேன். மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தவள். மில் போன பிறகு, விடிவதற்கு முன்னால் தேங்காய்த்திட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்கிறாள். பதினொரு மணிக்கெல்லாம் கூடை காலியாகிவிடும். ஆனால் வீட்டுக்குப் போக முடியாது. வீடு ஒரே அறை. ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு வரும் மகன் மூன்று மணி வரைக்கும் அங்கே தூங்குகிறான். அவள் உள்ளே போய் ஒரு பாத்திரத்தை நகர்த்தினால் போதும், விழித்துக்கொள்வான். பகலில் தூக்கம் கெட்டால் ராத்திரி கண் சொக்கி மெஷினில் கை போகும். ஆகவே நடு வெயில் நேரம் முழுவதும் அவள் எங்காவது உட்கார்ந்தாக வேண்டும். ஆம்பிளைகளுக்கு டீக்கடை இருக்கிறது. அவள் எங்கே போவாள்? சால் இருந்தவரை சாலுக்குப் போனாள். அது போன பிறகு கோவில் வாசல், ரேஷன் கடை நிழல், ஆஸ்பத்திரி வராந்தா. கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிற நான், எந்த நோயும் இல்லாமல் வெளி நோயாளி வரிசையில் அவள் உட்கார்ந்திருந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

எனவே, சால் கட்டடத்தை நாமே சரிசெய்யலாம் என்று எங்கள் தெருக்களில் பேச்சு வந்தபோது முதல் ஆளாக அக்கா வந்தாள். நானும் போனேன். கணக்காக வைத்துப் பழகியவள் என்பதால் சாமான் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். இதற்காகச் சேர்ந்த சங்கத்தின் தலைவர் ரெட்டியார்பாளையத்தில் இருப்பவர், பெரிய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா மில் ஆபீசில் இருந்தாராம். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அனுமதி வாங்கியவர் அவர்தான். அதை நான் மறுக்க மாட்டேன். அவர் இல்லாவிட்டால் கூரை ஓடு ஒன்றைக்கூட நாங்கள் தொட்டிருக்க முடியாது.

ஆனால் ஓடுகளைத் தொட்டவர்கள் நாங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்குச் சால்தான். உடையாத பழைய ஓடுகளை இறக்கி, ஏரிப் படியில் வரிசையாக உட்கார்ந்து தேங்காய் நார் போட்டுப் பாசி போகத் தேய்த்தோம். தேய்த்த ஓடு கை மாறிக் கை மாறி மேலே போகும். இந்த வரிசையில் முழுக்கப் பெண்கள். பேச்சுக்குக் குறைவில்லை. யாருடைய மாமியார் எந்த ஓடு மாதிரி என்று அக்கா தரம் பிரிப்பாள், கொத்தனாரே சாரத்தில் நின்று சிரிப்பார். மணல் சுமக்கத் தட்டு போதாத நாளில் அக்கா தன் மீன் கூடையைக் கழுவிக் கொண்டுவந்து அதில் சுமந்தாள். அன்றைக்குத் தலைவர் அவளைக் கூடையோடு நிறுத்திப் போட்டோ எடுத்தார். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ரொம்ப நாள் அந்தப் படம்தான் முகப்பில் இருந்தது.

கதவு வந்தது இப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது டிரில்லிங் மெஷினும் இரண்டு கொத்தனார் கரணையும் காணோம். அங்கேயே கூடிப் பேசினோம். வேலை முடியும்வரை கதவு போட்டுப் பூட்டுவது என்று முடிவாயிற்று. எல்லோரும் கை தூக்கினோம். அக்காவும் தூக்கினாள்.

தகரக் கதவு போட்டிருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருக்காது. தகரத்தின் மேல் யாருக்கு ஆசை வரும்? வேலை முடிந்த அன்றே கழற்றி எறிந்திருப்போம். ஆனால் இது புதுச்சேரி. இடித்த பழைய வீடுகளின் கதவு, ஜன்னல், தூண் விற்கிற கடைகள் உள்ள ஊர். ஒரு கடையில் இரண்டு ஜோடி தேக்குக் கதவு மலிவாகக் கிடைத்தது. மேல்பாதியில் காற்று வரச் சாய்பலகை அடித்த பிரெஞ்சு வீட்டுக் கதவு. அளவு பார்த்து நிலை செய்து, மில்லில் மெஷின் பிட்டராக இருந்த அண்ணன் ஒருவர் அதை மாட்டினார். பச்சை வண்ணம் அடித்தோம். மாட்டிய அன்று எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம். அத்தனை அழகு. ஆளாளுக்குக் கதவின் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டோம். ‘வேலை முடியும்வரை’ என்ற பேச்சு அந்த நிமிஷமே செத்துவிட்டது. கதவே இல்லாமல் கட்டியதுதான் அந்தக் கட்டடத்தின் பெருமை. அதன் பழமையை மீட்கிறோம் என்று ஒரு வருஷம் உழைத்தவர்கள், அதில் ஒருநாளும் இல்லாத பழைய கதவை மாட்டிவிட்டுக் கைதட்டினோம். இந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

திறப்பு விழா நடந்தது. ரிப்பன், மாலை, பேச்சு, பாரம்பரியம் என்ற சொல் எத்தனையோ தடவை. அடுத்த வாரம் வாசல் பக்கத்தில் ஒரு பலகை. மாலை ஐந்து முதல் எட்டு வரை. உறுப்பினர் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும். தரையில் படுக்கக் கூடாது. மீன், இறைச்சி, கூடை உள்ளே கொண்டுவரக் கூடாது. சாவி ரெட்டியார்பாளையத்தில்.

‘கூடை’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு உடம்பு எரிந்தது. எங்கள் தெருவில் கூடை தூக்குகிறவர்கள் எத்தனை பேர்? பெயரை எழுதாத குறைதான்.

லீவு போட்டிருந்த ஒரு நாள் பகலில் அந்தப் பக்கம் போனேன். அக்கா தெருப்பக்கச் சுவரை ஒட்டி, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். நிழல் ஒரு முழம்கூட இல்லை.

“ஏங்க்கா, இந்த வெயில்லயா ஒக்காந்திருக்கீங்க?”

“உள்ள எங்க வுடுறாங்க? வூட்டுக்குப் போனா புள்ள முழிச்சிக்குவான்.” முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கூரையைக் காட்டினாள். “நான் தேச்ச ஓட்டு மேல காக்கா ஒக்காந்திருக்கு பாரு. அதுக்குக் கார்டு குடுத்துட்டாங்க போல.”

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பகலில் திறந்து வைக்கவேண்டும் என்று கேட்டேன். யாருக்காக என்பதையும் சொன்னேன். தலைவர் குரலை உயர்த்தும் ஆள் அல்ல. நல்ல கட்டடம், பராமரிக்க வேண்டும், திறந்துபோட்டால் மறுபடியும் பாட்டில் வந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். பாட்டில் ராத்திரியில்தானே வந்தது, பகலில் ஆள் இருந்தால் எப்படி வரும் என்று கேட்டேன். அவர் என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் சொன்னார்.

“நீங்க படிச்சவங்கம்மா, உங்களுக்குத் தெரியாததில்ல. மீன் கூடையோட ஒருத்தவங்க படுத்திருந்தா, ஃபேமிலியா வர்றவங்க உள்ள வருவாங்களா?”

“அவங்க ஃபேமிலி இல்லையா சார்?”

“நான் அந்த அர்த்தத்துல சொல்லல.”

வேறு எந்த அர்த்தம் என்று கேட்டேன். அடுத்த பொருளுக்குப் போகலாம் என்றார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அக்காவோடு ஓடு கை மாற்றியவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தலைவரைவிட அவர்கள் மேல்தான் எனக்கு அன்று கோபம் அதிகம். மாலையில் அட்டையைக் காட்டி உள்ளே போய்க் கேரம் ஆடுகிறவர்கள் அவர்கள்தானே. அடுத்த பொருள் என்னவென்றால், கல்யாணப் போட்டோ எடுக்க வருகிறவர்களுக்குப் பகலில் சால் கதவைத் திறந்துவிடுவது. எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. ஆக, பகலில் திறக்க முடியும். யாருக்கு என்பதுதான் கேள்வி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் நான் சாலுக்குப் போனேன். ஒரு கல்யாண ஜோடி படம் எடுத்து முடித்துக் காரில் ஏறிக்கொண்டிருந்தது. சாவி கொண்டுவந்த சங்க வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். தெருப்பக்கக் கதவுகளும் ஏரிப்பக்கக் கதவுகளும் விரியத் திறந்து கிடந்தன. அக்கா வெளியே அதே சுவரோரத்தில் கூடைமேல் இருந்தாள். போட்டோக்காரர் நல்லவிதமாகத்தான் சொன்னாராம், பாட்டிம்மா கொஞ்சம் நகர்ந்துக்குங்க, ஃபிரேமுல வர்றீங்க என்று. அவள் அதைச் சொன்ன விதத்தில் புகார் எதுவும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

பிட்டர் அண்ணன் வீடு பக்கத்துச் சந்தில். போய்க் கூப்பிட்டேன். என்ன வேண்டும் என்றார். சொன்னேன். அன்று கூட்டத்தில் பேசாமல் இருந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வழியில் ஓடு தேய்த்த வரிசைப் பெண் ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள்.

அந்தப் பழைய கதவுகளுக்குத் திருகாணி கழற்ற வேண்டியதில்லை. நிலையில் இருக்கும் முளையில் கதவின் கீல் மேலிருந்து இறங்கி உட்கார்ந்திருக்கும். கதவு திறந்திருக்கும்போது நாலு பேர் சேர்ந்து நேராக மேலே தூக்கினால் கையோடு வந்துவிடும். அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அந்தப் பெண் ஒரு பக்கம். நாலாவது ஆள் அக்கா.

“இடுப்ப வளைக்காத, முட்டிய மடக்கித் தூக்கு,” என்றாள் என்னிடம். “மருந்து டப்பா தூக்குற ஒடம்பு ஒனக்கு.”

ஒவ்வொன்றாகத் தெருப்பக்கக் கதவு இரண்டையும் தூக்கினோம். தேக்கு அப்படிக் கனத்தது. ஒரு கீறல் இல்லாமல் உள்ளே கொண்டுபோய், சுவரோரம் தரையில் படுக்க வைத்தோம். அக்கா ஏரிப் படியில் கால் கழுவிவிட்டு வந்து, கூடையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, தரையில் படுத்தாள். படுத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள்.

வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டுப் போன் செய்தார். தலைவர் காரில் வந்தார், கூடவே அவர் மருமகனும் டிரைவரும். செருப்போடு உள்ளே வந்தவர், அக்காவைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். அத்தனை பண்பான மனிதர். இது சங்கச் சொத்து, போலீசுக்குப் போக வேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். போங்கள், கதவைத் தூக்கியவர்களில் முதல் பெயராக என் பெயரை எழுதுங்கள், முகவரி நானே தருகிறேன் என்றேன். என் குரல் தணியவில்லை.

அக்கா விழித்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. ஒருக்களித்துப் படுத்தபடியே அவரைப் பார்த்தாள்.

“சார், மூணு மணி ஆவட்டும். எம்புள்ள எழுந்துருவான், நான் போயிடுவேன். அப்பறம் நீங்க மாட்டிக்குங்க.”

அவர் மூன்று மணிவரை காத்திருக்கவில்லை. மருமகனுக்கும் டிரைவருக்கும் கண் காட்டினார். மூன்று பேரும் குனிந்து ஒரு கதவின் விளிம்பைப் பிடித்தார்கள். ஒரு பக்கம் தரையைவிட்டு எழும்பியது, மறு பக்கம் எழும்பவில்லை. வாட்ச்மேனைத் தேடினார். அவர் ஏரிப் படியில் இறங்கி நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரொம்ப நேரமாகக் கால் கழுவிக்கொண்டிருந்தார். தலைவர் நிமிர்ந்து பிட்டர் அண்ணனைப் பார்த்தார்.

“நீதானப்பா மாட்டின. ஒரு கை குடு.”

“நான்தான் சார் மாட்டினேன்,” என்றார் அண்ணன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கடைசியாக என்னைப் பார்த்தார். நான் கதவின் பக்கத்திலேயே, குனிந்தால் எட்டுகிற தூரத்தில்தான் நின்றிருந்தேன். நாளைக்கு அவர் கூலிக்கு ஆள் பிடித்து இதை மாட்டிவிடலாம் என்று எனக்குத் தெரியும். மாட்டினால் மறுபடியும் தூக்கிக் கழற்ற நாலு பேர் வேண்டும் என்பதும் தெரியும். நான் குனியவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.