சபூறா ஒளித்து வைத்த கிளினிக் கொப்பி

சபூறாவுக்கு ஒரு கிட்னிதான். மற்றது பன்னிரண்டு வருடமாக அவளுடைய தம்பி றாஸிக்கின் வயிற்றில் இருக்கிறது. கொடுக்கும்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. கணவன் மௌத்தாகி இரண்டு வருடம், இடியப்பம் அவித்து விற்றுத்தான் சீவியம், மகள் அப்ரா பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

"வேணா ராத்தா, உங்களுக்கு ஒண்டு நடந்தா புள்ளைக்கு ஆரிரிக்கா?" என்று றாஸிக் அழுதான்.

"வாயப் பொத்து. நீ இரிக்காய்தானே," என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், இருவரும் தையலோடு சாய்ந்தமருதுக்குத் திரும்பி வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார்கள். ஒரு கிட்னியோடு நல்லபடியாகக் கிழவியாகும்வரை இருக்கலாம். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை இரத்தம், சிறுநீர், பிறஷர் மூன்றையும் பார்க்க வேண்டும். நோவுக் குளிசைகளைத் தன்பாட்டில் வாங்கி விழுங்கவே கூடாது. சபூறா கேட்டு நடந்தாள். அவளுடைய முறை வரும்போதெல்லாம் தம்பியோடுதான் போவாள். இரண்டு பேருடைய கிளினிக் கொப்பிகளும் ஒரே பையில் கிடக்கும். காட்டி முடித்ததும் கல்முனைச் சந்தைக்குப் போய்ச் சூடாக இறால் வடை தின்றுவிட்டு வருவார்கள்.

அப்ராவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோதுதான் வினை வந்தது. முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பிள்ளையைப் பார்த்தார்கள், வட்டிலப்பத்தை வழித்துத் தின்றார்கள், சிரித்துக்கொண்டே போனார்கள். மூன்றாம் நாள் தரகர் வந்து தலையைச் சொறிந்தார்.

"உம்மாவயும் மாமாவயும் கிட்னி கிளினிக்குல கண்டாங்களாம். பரம்பர வருத்தமாக்கும் எண்டு பயப்படுறாங்க."

கேட்டீர்களா கூத்தை! கொடுத்தவளும் நோயாளியாம், வாங்கியவனும் நோயாளியாம். அந்தக் கிளினிக் வாங்கில் அவள் ஏன் உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அன்றைக்கே சபூறா தன் கொப்பியை அலுமாரியின் அடித்தட்டில், பழைய சேலைக்குக் கீழே சொருகினாள். மகளைப் பிடித்து, "உம்மாக்கு ஒரு கிட்னியெண்டு ஆருக்கும் மூச்சு உடப்படாது," என்று சத்தியம் வாங்கினாள். காரணம் தெரிந்தால் நொந்துபோவான் என்று றாஸிக்கிடம் மட்டும், "எனக்கு இடியப்ப ஓடர் கூடிட்டு. நான் புதன்கிழமையில தனியப் போய்க் காட்டிக்கிறன், நீ உன்ட நாள்ல போ," என்றாள். அவன் நம்பினான். ராத்தா பொய் சொல்வாள் என்று எந்தத் தம்பிதான் நினைப்பான்?

அடுத்து வந்தவன் அர்ஹம், நிந்தவூர்ப் பிள்ளை, வயரிங் வேலை செய்கிறவன். நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. வேறு ஊராக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். எங்கள் பக்கத்திலோ மகள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எந்த மனிதனிடமிருந்து மறைக்க வேண்டுமோ அவனுக்கே சபூறா தினமும் மூன்று வேளை சோறு போட்டாள்.

நல்ல பிள்ளை வேறு. அவள் செருப்பைப் போட்டாலே, "எங்க மாமி, சைக்கிள்ல கொண்டு உடவா?" என்று மோட்டார்சைக்கிளை உதைப்பான். அவனோடு எப்படிக் கிளினிக்குக்குப் போவது? அப்ரா சும்மா இருக்கவில்லை, "அவருக்கு உண்மையச் செல்லிருவம் உம்மா," என்று அடிக்கடி கெஞ்சினாள்.

"ஒரு புள்ள கெடைக்கட்டும், மறுகா செல்லுவம்."

பேரப்பிள்ளை பிறந்தது. அது நடக்கட்டும் என்றாள். நடந்தது. அடுத்ததும் வரட்டும் என்றாள். இப்படியே ஆறு வருடம் ஓடிற்று. சுபஹுத் தொழுகைக்கு முன்பே எழும்பிக் குனிந்திருந்து இடியப்பம் பிழிகிறவளுக்கு இடுப்பு நோகாமல் இருக்குமா? பாமசியில் நோவுக் குளிசை வாங்கி விழுங்கினாள். தலையிடித்தால் இன்னொன்று. பிறஷர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை.

இந்த ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு வாரத்தில் அவளுடைய கால் செருப்புக்குள் நுழையவில்லை. அர்ஹம்தான் கண்டான். எவ்வளவு மறுத்தும் விடாமல் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வார்டில் மறித்துப் படுக்க வைத்தார்கள். மறுநாள் அர்ஹம் பக்கத்தில் நிற்கும்போதே டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டுச் சபூறாவைப் பார்த்தார்.

"கிட்னி கொடுத்த நீங்க ஏன் ஆறு வருசமா வரல்ல? வந்திருந்தா பிறஷரை அப்பவே பிடிச்சிருக்கலாம். இப்ப அஞ்சில ஒரு பங்குதான் வேலை செய்யுது. மருந்தால கொஞ்சக் காலம் தள்ளிப் பார்ப்பம். அதுக்குப் பிறகு மிஷின்ல இரத்தம் சுத்திகரிக்கத்தான் வேணும்."

அந்தப் பெண்ணின் புத்தியைப் பாருங்கள். தன் உயிருக்குச் சொன்ன கெடுவைக் கேட்டு அவள் கலங்கவில்லை. மருமகன் கேட்டுவிட்டானே என்றுதான் முகம் வெளிறிப்போனாள்.

"மகன், உங்களுக்கு மறைக்கணுமெண்டு..."

"எனக்குத் தெரியுமே மாமி," என்றான் அர்ஹம். "பொண்ணு பார்க்க வந்த அண்டைக்கே றாஸிக் மாமா எல்லாம் செல்லிட்டாரு. அதக் கேட்டுத்தான் எங்கட உம்மா, எடுத்தா இந்த ஊட்டுலதான் எடுக்கணுமெண்டு நிண்டா."

"மறுகா ஏன் ஒரு நாளும் கதைக்கல்ல?"

"நீங்க செல்லல்லயே. மாமிக்கு விருப்பமில்லாக்குமெண்டு நானும் கேக்கல்ல. மாமாவோட போய்க் காட்டுறீங்க எண்டுதான் நெனச்சன்."

அல்லாஹ்வே, ஒரு வார்த்தை! ஆறு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த மூன்று பேரில் ஒருவர் மற்றவரிடம் ஒரே ஒரு வார்த்தை கதைத்திருந்தால் போதும்.

பின்னேரம் றாஸிக் ஓடி வந்தான். "புதன்கிழம போறன் எண்டீங்களே ராத்தா!" என்று தலையில் அடித்துக்கொண்டான். "டொக்டரிட்டச் செல்லுங்க, என்ட உடம்புல இரிக்கிறதத் திருப்பி எடுக்கச் செல்லுங்க."

"விசரன் மாதிரிக் கதையாத. எடுத்தா நீ இரிப்பியா?" சபூறா அவன் கையைப் பிடித்து இருத்தினாள். "நேத்து உனக்குக் கிளினிக்தானே? ரிப்போட் என்னவாம்?"



"நல்லமாம் ராத்தா," என்றவன் கட்டில் சட்டத்தில் தலையைக் கவிழ்த்து அழுதான்.

சபூறா அவன் தலையைத் தடவினாள்.

"நீ மாசா மாசம் கொண்டு போய்க் காட்டினாய்தானே," என்றாள். "அது நல்லாத்தான் இரிக்கும்."