சைனம்பு ருசி பார்த்த ஊலாங்

பினாங்கில் சீனர் ஒருவரின் தேயிலைக் கடையில் வேலை பார்த்த அப்துல் வதூது, 1964இல் சொந்த ஊரான லால்பேட்டைக்கு வந்தபோது ஒரு டப்பா ஊலாங் என்ற சீனத் தேயிலை கொண்டுவந்தார். உருண்டு சுருண்ட இலைகளில் வெந்நீர் ஊற்றி, இளமஞ்சளாக இறங்கிய தேநீரைப் பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் மனைவி சைனம்புவிடம் நீட்டினார்.

"கீரை வெந்த தண்ணி மாதிரி இருக்குங்க" என்றாள்.

"ரெண்டாவது தண்ணியில பூ வாசம் வரும்."

அதே இலையில் மறுபடி வெந்நீர் ஊற்றினார்; வாசம் வந்தது. அவளும் ஒப்புக்கொண்டாள். பிறகு அவர் பள்ளிவாசலுக்குப் போனார்.

மதியச் சோற்றோடு, தேங்காய் தூவிய பச்சைப் பொரியல் இருந்தது.

"என்ன கீரை இது?"

"நீங்க கொண்டாந்த தேயிலைதான். நல்லா விரிஞ்சிருந்துச்சு, கொட்ட மனசு வரல."

கடையில் தேயிலை ருசி பார்க்கும் அதே முகத்தோடு அவர் நிதானமாக மென்றார்.

"உப்பு கம்மி" என்றார்.

அடுத்த முறை இரண்டு டப்பா கொண்டுவந்தார்.